கேளாத பெயர்

ஒரு நாயை நல்ல இடத்தில் சேர்ப்பித்துவிட்டுத் திரும்பினால் மனத்தில் நிம்மதிதான் தங்கும் என்று இந்தக் காரியத்தில் பழக்கமுள்ளவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் பிறருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் விழுப்புரத்தில், ரயில்பாதையை ஒட்டிய ஒரு தெருவில், அந்தப் பெரிய வெள்ளை நாயை ஒப்படைத்துவிட்டு வந்த நாள் முதலாக எனக்குள் ஒரு சங்கடம் கரையாமல் கிடக்கிறது. வெறும் பிரிவின் துக்கமாயிருந்தால் காலம் இதற்குள் அதைத் தேய்த்திருக்கும். முன்னொரு நாள் யாரோ ஒருவர் திண்டிவனத்துக்குத் தெற்கே நெடுஞ்சாலையோரம் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, அந்த நாயை இறக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். பிறிதொரு நாள் நானும் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, அதே நாயை இறக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். முதற்காரியத்தைச் செய்தவரை ஊர் நிந்திக்கிறது. இரண்டாவதைச் செய்தவனை மெச்சுகிறது. இந்த நிந்தையும் மெச்சுதலும் மனிதர்களாகிய நமக்குள் நடக்கும் கணக்கு. நாயின் பக்கத்திலே நின்று பார்த்தால், பழகிய கை ஒன்று காரணம் சொல்லாமல் விலகிப் போயிற்று என்ற ஒரே அநுபவம் அதற்கு இருமுறை நேர்ந்ததாகத்தானே இருக்கும் என்று நினைக்கும்போது, என் நோக்கத்தின் தூய்மையை நான் எத்தனை முறை எனக்கே எடுத்துச் சொல்லிக்கொண்டாலும், அந்தத் தூய்மை நாயின் மூக்குக்கும் கண்ணுக்கும் எட்டக்கூடிய வஸ்து அல்லவே என்ற எண்ணம் எழுந்து குறுக்கே நிற்கிறது. சாதாரண நாயாயிருந்தால் குரலிலாவது எதையேனும் சொல்லியிருக்கலாம். சொல்லின் பொருள் தெரியாவிட்டாலும் தொனி தெரியும். இந்த நாய்க்குக் காது கேட்காது.

கூட்டேரிப்பட்டுக்கும் விக்கிரவாண்டிக்கும் இடையில், நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில், அரளிப் புதர்களின் நிழலில் அது படுத்துக் கிடந்தது. வெயில் தாழ்ந்த வேளையில் ஒரு கார் வந்து நின்றதையும், நாய் இறங்கியதையும், கார் புறப்பட்ட பின் அது சிறிது தூரம் ஓடிப் பிறகு திரும்பி வந்து இறக்கிவிட்ட இடத்திலேயே நின்றுகொண்டதையும் அங்கே டீக்கடை வைத்திருப்பவர் பார்த்திருந்தார். அவர் வைத்த பன்னையும் தண்ணீரையும் அது ராத்திரியில்தான் வந்து தொட்டதாம். தோளுயரம் எழுபது சென்டிமீட்டருக்குக் குறையாத, தூய வெள்ளை ராஜபாளையம். 2005ஆம் ஆண்டில் நம் தபால் இலாகா இந்திய நாய் இனங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டபோது அவற்றில் ஒன்றாக இடம்பெற்ற அதே இனம். மூக்கின் இளஞ்சிவப்புத் தோல் வெயிலில் உரிந்து போயிருந்தது. விலா எலும்புகள் தெரிந்தன. முழங்கை முட்டுகளில் ரோமம் உதிர்ந்து தோல் காய்த்திருந்ததைப் பார்த்தால், பாரமான உடம்பைச் சிமெண்டுத் தரையில் கிடத்தியே நெடுநாள் கழித்திருக்கிறது என்று தெரிந்தது. கழுத்தைச் சுற்றி ரோமம் தேய்ந்த வட்டம் சங்கிலியைச் சொன்னது. அந்தச் சாலையில் போகும் லாரிகள் காற்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போகையில் அது அதற்கு நேர் எதிர்த்திசையில் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வண்டியின் காற்று உடம்பில் மோதிய பிறகுதான் திடுக்கிட்டு எழுந்தது. அப்போதே எனக்கு ஐயம் தட்டிற்று. பிறகு கால்நடை மருத்துவர் அதை உறுதி செய்தார். முழுவெள்ளை உடம்புள்ள நாய்களில் இது அபூர்வமன்று. ரோமத்துக்கும் தோலுக்கும் நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் உட்செவிக்கும் அவசியமானவை. அவை அங்கே இல்லாது போனால், குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் கேட்கும் நரம்புகள் மடிந்துபோகின்றன. டால்மேஷியன் இனத்திலும் இதே குறை உண்டு. மாசில்லாத வெண்மைதான் அழகென்று நாம் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இணைசேர்த்து வந்ததன் கிரயத்தை இந்தக் குட்டிகள் செலுத்துகின்றன. காவலுக்கென்று விலை கொடுத்து வாங்கிய நாய், வெளிக்கேட்டை யாரேனும் தட்டினாலும் தலைதூக்காது கிடந்தபோது அந்த வீட்டார் அதைச் சோம்பேறி என்றோ, மந்தபுத்தி என்றோ எண்ணியிருக்கலாம். செவிடு என்று கண்டுபிடித்திருக்கலாம். கண்டுபிடித்துத்தான் கொண்டுவந்து விட்டிருக்கவும் கூடும்.

இப்படி ஒவ்வொரு வாக்கியமும் ‘கூடும்’, ‘கலாம்’ என்று முடிய வேண்டியிருக்கிறதே, என் மனத்தை அறுப்பது அதுதான். அந்த நாயைப் பற்றி அறிந்த ஒருவர் எங்கேயோ உயிரோடு இருக்கிறார். அது எந்த மாதத்தில் பிறந்தது, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடப்பட்டதா, எந்த ஆகாரம் அதற்கு ஒத்துக்கொள்ளாது, குட்டியாயிருந்தபோது என்ன நோய் வந்தது, ஓங்கிய துடைப்பத்தைக் கண்டால் அது ஏன் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அத்தனையையும் தம்மோடு காரில் ஏற்றிக்கொண்டு அவர் போய்விட்டார். நாயை மட்டும் விட்டுவிட்டுப் போனார். மருத்துவர் பல்லைப் பார்த்து வயதை ஊகித்தார். தடுப்பூசியை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அதற்கு முன், வெறிநோய்க்குரிய மாறுதல் ஏதேனும் தோன்றுகிறதா என்று தனியே வைத்துக் கவனிக்க வேண்டியிருந்தது. உண்ணிக் காய்ச்சல் கண்டு, ரத்தத்தின் தட்டணுக்கள் குறைந்து, ஈறு வெளுத்து, சோற்றைக் கண்டால் முகம் திருப்பிய நாட்களில், இதற்கு முன் இதே காய்ச்சல் வந்ததுண்டா என்று மருத்துவர் கேட்டபோது நான் பேசாமல் நின்றேன். டாக்சிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் கொடுத்து அதை மீட்டோம். ரத்தப் பரிசோதனைக்காகப் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அதைக் கொண்டுபோகும்போது, கார்க் கதவு திறந்த கணமே அது கால்களைப் பரப்பித் தரையில் பதித்துக்கொண்டு நடுங்கிற்று. நோயாளியைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறோம் என்பது நமக்கல்லவா தெரியும். பிராணியைக் கைவிடுவதென்றால் அதன் பசிக்கும் தாகத்துக்கும் இனி நான் பொறுப்பில்லை என்று சொல்வதாக மட்டுமே நான் முன்பு எண்ணியிருந்தேன். அந்த மாதங்களில் என் எண்ணம் மாறிற்று. ஒரு ஜீவனைப் பற்றி ஓர் ஆத்மாவுக்கு இருந்த பரிச்சயம் அனைத்தையும் அழித்து, பிறந்ததற்கும் வளர்ந்ததற்கும் சாட்சியே இல்லாத பிண்டமாக அதை உலகின் நடுவில் நிறுத்துவதுதான் கைவிடுதலில் உள்ள பெரிய கொடுமை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பசி அடுத்த வேளைச் சோற்றில் ஆறிவிடும். அழிந்த அறிவை அடுத்து வருபவர் எவரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

விழுப்புரத்திலிருந்து மேற்கே, திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டினது. எருமைகளைக் காக்கும் சண்டையில் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுத்த கல் அது. வில்லும் கையுமாக நிற்கும் அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லெழுத்தும் உண்டு. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தில், தக்கோலப் போரை அடுத்து, கன்னட நாட்டு ஆதகூரில் காளி என்ற வேட்டை நாய்க்கு எழுந்த கல்லையும் அறிஞர்கள் இதனோடு சேர்த்துச் சொல்வார்கள். இவற்றை நாயின் விசுவாசத்துக்கு அடையாளமாகக் காட்டுவது வழக்கம். எனக்கு என்னவோ அவற்றில் மனிதனுடைய விசுவாசம்தான் பெரிதாகத் தெரிகிறது. எஜமானன் இறந்த பின்னும் அந்த நாயின் பெயர் ஊராருக்குத் தெரிந்திருந்தது. அது செய்ததைக் கண்டவர் இருந்தனர். கண்டதைச் சொல்ல வேண்டும், சொன்னதைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று நினைத்தவரும் இருந்தனர். ஆகையால் ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயரை நான் இன்று உரக்கச் சொல்ல முடிகிறது. என் வீட்டுத் தாழ்வாரத்தில் என் பாதத்தின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு தூங்கிய நாய்க்கு முதலில் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பெயர் அதற்கும் தெரியாது. எத்தனையோ முறை அதைக் கூப்பிட்டிருப்பார்கள். குழந்தைகள் இருந்த வீடானால் கொஞ்சியும் அழைத்திருப்பார்கள். ஒரு முறையும் அது கேட்டதில்லை. கூப்பிடக் கூப்பிட வராத நாய் என்று எப்போதாவது அடியும் பட்டிருக்கும்.

நாங்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயருக்குப் பதிலாக அதனோடு பேச ஒரு முறையை மெல்ல உண்டாக்க வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். காது கேளாத பெரிய நாயைத் தூக்கத்தில் தொடுவது அபாயம். பயந்து விழிக்கும் வாய்க்கு எதிரிலிருப்பது கையா, கள்ளனா என்று தெரியாது. ஆதலால் அதன் மூக்குக்கு முன்னால் முதலில் கையை நீட்டி வாசனை போகவிட வேண்டும். விழிக்காவிட்டால் தோளில், எப்போதும் அதே தோளில், இரண்டு விரலால் மெல்லத் தொட வேண்டும். விழித்த உடனே வாயில் ஏதாவது ருசியானது விழ வேண்டும். இப்படிப் பலநாள் செய்த பிறகு, தொடுகை என்றால் நல்லது வருகிறது என்ற நம்பிக்கை அதன் தசையிலேயே ஊறிவிட்டது. மரத்தளம் போட்ட வீடுகளில் காலைத் தட்டினால் அதிர்ச்சி போய்ச் சேருமாம். நம் சிமெண்டுத் தரையிலும் மண் முற்றத்திலும் அது அவ்வளவாகப் போவதில்லை. இருட்டிய பிறகு கைவிளக்கை இருமுறை மின்னவிட்டால் வா என்று அர்த்தம். விரித்த உள்ளங்கையைக் கீழே இறக்கினால் உட்கார். மார்பைத் தொட்டுக்காட்டினால் என்னிடம் வா. பெருவிரலை உயர்த்திக் காட்டினால் நல்ல காரியம் செய்தாய். இந்தக் கடைசிச் சைகைக்கு அதன் வால் அசைவதைப் பார்க்க வேண்டுமென்பதற்காகவே நாங்கள் காரணமின்றி அதைக் காட்டிக்கொண்டிருப்போம். வீட்டில் எவரும் அறையை விட்டு அறைக்குப் போகும்போது அதற்குத் தெரியும்படி அதன் பார்வையைக் கடந்து போகப் பழகினோம். இல்லாவிட்டால் கண் விழித்து ஆளைக் காணாமல் அது வீடு முழுதும் தேடும். அந்தத் தேடல் சாதாரணத் தேடல் அன்று. ஒவ்வோர் அறையாகப் போய், மூலை மூலையாக முகர்ந்து, பிறகு வெளிவாசலுக்கு வந்து சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

மீட்ட நாய்களைத் தற்காலிகமாக வைத்து வளர்ப்பவர்களிடையே ஓர் உபதேசம் உண்டு: அதிகம் ஒட்டிக்கொள்ளாதே, கொடுக்கப் போகிற பொருளிடம் பாசம் வைக்காதே என்று. அனுபவஸ்தர்கள் சொல்வதாகையால் அதை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாயை விட முடியாமல் வைத்துக்கொண்டால் அடுத்த நாய்க்கு வீட்டில் இடமில்லாது போகும் என்ற நியாயமும் அதில் இருக்கிறது. ஆனாலும் எவ்வளவு யோசித்தாலும் அந்த உபதேசத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பாசம் வைக்காதவன் இரவில் இருமுறை எழுந்து அது எப்படித் தூங்குகிறது என்று பார்க்க மாட்டான். பார்க்காதவனுக்கு, எங்கே அது சுவரில் முதுகை அண்டக் கொடுத்துப் படுக்கிறது, எந்த நேரத்தில் கனவு கண்டு கால்களை உதைக்கிறது என்பது தெரியப்போவதில்லை. தெரியாதவன் அடுத்த வீட்டாரிடம் எதைச் சொல்லிக் கொடுப்பான்? அவன் கொடுப்பதும் மறுபடி ஒரு சாட்சியற்ற பிராணியாகத்தான் இருக்கும். இங்கே ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் அதைக் கவனிக்கக் கவனிக்க, அது என்னை அதிகமாக நம்பிற்று. நம்ப நம்ப, வரப்போகிற பிரிவின் காயத்தை நானே ஆழமாக்கிக்கொண்டிருந்தேன். கொடுப்பதற்குத் தகுதி தருவது எதுவோ அதுவே கொடுப்பதைக் கொடுமையாக்குகிறது. இதற்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்ததாக நான் பாவனை செய்யப் போவதில்லை.

சட்டம் இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறது என்று ஒருமுறை எடுத்துப் படித்தேன். ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து, நேரு கொடுத்த உறுதியின்பேரில் திரும்பப் பெற்றுக்கொண்ட பின், அரசாங்கமே இயற்றிய 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தில், பதினோராவது பிரிவு, பசியாலோ தாகத்தாலோ துன்புற நேரும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றமாக்குகிறது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. 1960இல் ஐம்பது ரூபாய் ஒரு தொகைதான். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்தத் தொகையை உயர்த்த நமக்கு நேரம் வாய்க்கவில்லை என்பது வெட்கத்துக்குரியது. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, கைவிடுதலைச் சட்டம் பசியையும் தாகத்தையும் கொண்டு மட்டுமே அளக்கிறது என்பது. பசியைப் பற்றிப் பேச வந்தால் எங்களைப் போன்ற திண்டிவனத்துக்காரர்களுக்கு நினைவுக்கு வரவேண்டிய ஒரு நாய் இருக்கிறது. இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிவிட்ட கிடங்கில்தான் ஓய்மாநாட்டுத் தலைவன் நல்லியக்கோடனுடைய ஊர். அவனைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், பரிசில் பெறுவதற்கு முன் தன் வீடு கிடந்த கிடையைப் பாணன் விவரிக்கையில், பாழடைந்த சமையலறையில் குட்டி ஈன்ற நாய் ஒன்று வருகிறது; கண் திறவாத குட்டிகள் பால் வற்றிய முலையை இழுக்கும் வேதனை தாளாமல் அது குரைக்கிறது. வறுமையின் உச்சத்தைக் காட்டும் சித்திரம் என்று உரைக்காரர்கள் போற்றுவார்கள். நான் அதை இப்போது படிக்கும்போது, அந்த நாய் இருக்குமிடம் தெருவன்று, அடுக்களை என்பதில் என் கவனம் நிற்கிறது. மனிதருக்கே சோறில்லாத வீட்டில், அடுப்பெரியாத அட்டிலில், அது இருக்கிறது. யாரும் அதை வெளியே துரத்தவில்லை. அதன் குரைப்பின் காரணத்தைப் பாணன் துல்லியமாக அறிந்திருக்கிறான். சட்டத்தின் அளவுகோலால் அந்த நாய் பட்டினி கிடந்த நாய். ஆனால் அது கைவிடப்பட்ட நாயன்று. என் நாய் வயிறு நிறையத் தின்றுவிட்டுத்தான் அந்தக் காரில் ஏறியிருக்கும். மருத்துவர் பார்த்தபோது அதன் மலத்தில் எலும்புத் துணுக்குகள் இருந்தன.

அதற்கு வீடு தேடிய கதையில் பெரும்பகுதியை விரைவில் கடந்துவிடலாம். பெரிய நாய் என்றதும் வந்தவர்கள் பலர், செவிடு என்றதும் போய்விட்டார்கள். செங்கற்சூளைக் காவலுக்குக் கேட்டவர் ஒருவர். மரக்காணத்துப் பக்கம் சவுக்குத் தோப்புக்குக் கேட்டவர் ஒருவர். வெள்ளை ராஜபாளையம் ஆணாயிற்றே, ‘கிராசிங்’குக்கு ஆகும் என்று தொலைபேசியிலேயே ஆசைப்பட்டவர்களும் உண்டு, அந்தக் குறையை அடுத்த தலைமுறைக்கும் கடத்தக் கூடாதென்று, கொடுப்பதற்கு முன்பே கருத்தடை செய்துவிட்டோம் என்றதும் அவர்கள் மறுபடி கூப்பிடவில்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு இருபத்து மூன்று அயல்நாட்டு இனங்களைத் தடுக்கும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிய நாளிலிருந்து, உயர் நீதிமன்றங்கள் அதைச் செல்லாதென்று சொன்ன பிறகும், உருவத்தில் பெரிய நாய் எதுவானாலும் ஜனங்களுக்குப் பயம் கூடியிருக்கிறது. வெளிச்செவியைப் பார்த்துக் கேட்கிறதா என்று சொல்ல யாராலும் முடியாதே, ஏன் முன்கூட்டிச் சொல்லுகிறீர்கள், பழகிய பிறகு அவர்களே தெரிந்துகொள்ளட்டும் என்று நல்ல மனத்தோடு எனக்கு யோசனை சொன்னவர்களும் இருந்தார்கள். அந்த யோசனையில் என் மனம் சற்றும் இறங்கவில்லை. முதல் வீட்டார் மறைத்ததை நானும் மறைத்தால் அவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் முற்றும் அழிந்துபோகும். கடைசியில் வந்தவர்கள் விழுப்புரத்தில் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும். அவர் அதிகம் பேசவில்லை; கேள்விகளெல்லாம் அந்த அம்மாளுடையவை. என்ன தின்னும், எத்தனை வேளை, மழையில் நனைந்தால் என்ன செய்யும் என்று விசாரித்துவிட்டு, காது கேட்காததைப் பற்றி நான் மறுபடியும் எடுத்துச் சொன்னபோது, “கூப்புட்டா வரலன்னா இன்னா சார், நாம எழுந்து போயி தொட்டுக்கலாம்” என்றார். அவருடைய கணவர் அதற்குள் முற்றத்தில் உட்கார்ந்து, நான் காட்டிய சைகைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். கொடியையும் கைவிளக்கையும் கொண்டு தொலைவிலிருப்பவரோடு பேசியே உத்தியோகம் பார்த்தவருடைய கைக்கு அவை சுலபமாக வந்தன.

ஒரே நாளில் விட்டுவிட்டு வர எனக்குத் துணிவில்லை. முதலில் அவர்கள் திண்டிவனத்துக்கு வந்து எங்கள் வீட்டில் அதற்குச் சோறு வைத்தார்கள். நொய்யரிசிக் கஞ்சியில் கோழிக்கழுத்தை வேகவைத்துப் பிசைந்ததை அந்த அம்மாள் கையாலேயே ஊட்டினார். பிறகு நாங்கள் அதை விழுப்புரத்துக்கு அழைத்துப் போய், பொழுது சாயும்வரை இருந்து, திரும்ப அழைத்து வந்தோம். கார் ஏறினால் கார் திரும்பியும் வரும் என்பதை அது ஓரளவாவது கற்க வேண்டுமென்பது என் ஆசை. அது படுத்த சாக்கை அலசாமல் கொடுத்தோம். எனக்குத் தெரிந்த அனைத்தையும் காகிதத்தில் எழுதினேன்: எந்தத் தோளைத் தொடுவது, உச்சிவெயிலில் மூக்கை ஏன் காக்க வேண்டும், வயிறு நிறைய உண்ட பின் ஏன் ஓடவிடக் கூடாது, ஆழ்ந்த மார்புக்கூடுள்ள நாய்களுக்கு இரைப்பை உப்பித் திருகிக்கொண்டால் எவ்வளவு சீக்கிரம் மருத்துவரிடம் போக வேண்டும், துடைப்பத்தை எங்கே வைப்பது, எந்தத் தேதியில் அடுத்த தடுப்பூசி, எக்காரணத்தாலும் வைத்துக்கொள்ள முடியாது போனால் நடுச்சாமமானாலும் யாரைக் கூப்பிடுவது. பிறந்த தேதி, முதற்பெயர், தாய்தகப்பன் என்ற இடங்களை வெறுமையாக விட்டேன். அதன் பிறகும், கடைசி நாளில் நான் காரில் ஏறியபோது நாய் என்ன அறிந்தது என்று எனக்குத் தெரியாது. அது அந்த அம்மாளின் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தது. அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்ல நான் விரும்பவில்லை. சொன்னால் எனக்கு வேண்டிய அர்த்தத்தைத்தான் சொல்வேன். காகிதமும் சாக்கும் மனிதர்களுக்கிடையே கைமாறின. நாயின் கணக்கில் நானும் போய்விட்ட ஒருவன்தான் என்று இருக்குமானால், அதை மாற்றும் வித்தை எதுவும் என்னிடம் இல்லை. முதலாமவருக்கும் எனக்கும் இடையிலுள்ள வித்தியாசம் நாயின் துக்கத்தில் தெரியாவிட்டாலும், அதன் பிற்பாடு வரும் நாட்களில், அது பயந்து விழிக்காத தூக்கத்தில், ஓங்கப்படாத துடைப்பத்தில், அறியாமலே அதற்குச் சேர்ந்திருக்கும் என்று மட்டும் நம்புகிறேன். அந்த நம்பிக்கை சங்கடத்தைத் தீர்க்கவில்லை. அதனோடு சேர்ந்து இருக்கிறது.

2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளிகள், மருத்துவமனைகள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து நாய்களை அப்புறப்படுத்திக் காப்பகங்களில் வைக்க வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது என்று உத்தரவிட்டதிலிருந்து, விழுப்புரம் ஜங்ஷன் நடைமேடையில் படுத்துக் கிடக்கும் நாய்களைக் காணும்போது எனக்கு வேறொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. பயணிகளுடைய, குழந்தைகளுடைய பாதுகாப்பை நான் சிறிதாக எண்ணவில்லை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் ஊசிக்காக நிற்பவர்களின் முகங்களைப் பார்த்தவன் அப்படி எண்ண முடியாது. ஆனால் எந்த நாய் யாரைக் கண்டால் வாலாட்டும், எது பிள்ளைகளை நெருங்கவிடாது, எது கூலியாட்கள் போடும் இட்லியை எந்த மூலையில் காத்திருந்து வாங்கும் என்பதை அறிந்த போர்ட்டர்களும் கடைக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள். கூண்டு வண்டி வரும் நாளில் யாரேனும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கொள்வார்களா? காப்பகத்திலிருந்து பின்னால் யாரேனும் ஒரு நாயை வீட்டுக்கு அழைத்துப் போக வந்தால், அந்த எழுத்தன்றோ அவர்களுக்கு முதலில் தேவைப்படும். இதைச் சம்பந்தப்பட்ட அலுவலர் ஒருவரிடம் நேரிலேயே சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் ஏதாவது செய்வாரென்று எதிர்பார்த்திருக்கிறேன்.

போன வாரம் அந்த அம்மாள் தொலைபேசியில் பேசினார். நாய் தன் சாக்கை விட்டுவிட்டு, ராத்திரியில் அவர்களுடைய இரும்புக் கட்டிலின் காலில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டு படுக்கிறதாம். முதலில் விளங்கவில்லையாம், பிறகு ஒரு நாள் சரக்கு ரயில் போகையில் தாமும் கட்டிலைப் பிடித்துப் பார்த்தபோது, இரும்பு அதிர்வது கைக்குத் தெரிந்ததாம். வண்டி வரும் முன்னே தலைதூக்குகிறது, போன பின் படுத்துக்கொள்கிறது என்றார். இப்போது அவர் கட்டிலின் காலை விரலால் தட்டியே அதை எழுப்புகிறார். தோளைத் தொட வேண்டியதில்லை. என் காகிதத்தில் இது இல்லை, எத்தனையோ இரவு பக்கத்தில் படுத்திருந்தும் எனக்கு இது தெரியாது என்றேன். எழுதிச் சேர்த்துவிட்டாரா என்று கேட்டேன். எழுதிவிட்டதாகச் சொல்லி, தீபாவளி வெடிக்குத் தரை அதிருமே, அன்றைக்கு அதை எந்த அறையில் வைக்கலாம் என்று விசாரித்தார். தெருவை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற, மண்தரையுள்ள பின்கட்டு அறை நல்லது, கட்டிலை மட்டும் அங்கே போட வேண்டாம் என்றேன்.